மலைச்சாலை வண்டிகளில் காலிபர் பிராக்கெட் போல்ட்டைக் கழற்றிப் பூட்டும் முறை

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏற முக்கியமான சாலைகள் மூன்று உள்ளன. ஒன்று கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்குச் செல்கிறது. மற்றொன்று கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுகிறது. மூன்றாவது போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. காய்கறியும் திராட்சையும் ஏற்றிக்கொண்டு விடியும் முன் மேலே போகும் பிக்கப் வண்டிகள், மிளகு, ஏலக்காய், பருவத்தில் பலாப்பழம் ஆகியவற்றோடு கீழே இறங்கி வருகின்றன. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் கூடுதலாக விழுவதால், முன் சக்கர பிரேக்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் அழுத்திப் பிடிப்பது காலிபர்; அதைத் தாங்கும் சட்டம் பிராக்கெட். அந்தக் காலிபரை வண்டியோடு பிடித்து வைத்திருப்பவை, பெரும்பாலான பிக்கப் வண்டிகளில், சக்கரத்துக்கு இரண்டு பிராக்கெட் போல்ட்டுகள் மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன்பு மிளகு மூட்டைகளோடு கட்டப்பனையிலிருந்து இறங்கிய ஒரு பிக்கப், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்தில் ‘டொக்’ என்று சத்தம் வருவதாகச் சொல்லி லோயர் கேம்ப்பில் நிறுத்தப்பட்டது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது பிராக்கெட்டின் கீழ் போல்ட் இல்லை. மேல் போல்ட் நான்கைந்து மரை வெளியே வந்து, விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பு வேறொரு பட்டறையில் அந்தப் பக்கத்து டிஸ்க்கை மாற்றியிருந்தார்கள். மீதமிருந்த போல்ட்டின் மரையில் கிரீஸ் பளபளத்தது. கழன்று வரக்கூடாது என்பதைவிட, அடுத்த முறை கழற்றச் சுலபமாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இன்னும் சிறிது தூரம் ஓடியிருந்தால் அந்த மேல் போல்ட்டும் விழுந்து, காலிபர் டிஸ்க்கோடு சேர்ந்து சுழன்று ரிம்மில் மோதி, பிரேக் ஹோஸைப் பிய்த்திருக்கும். அந்த ஓட்டுநர் சத்தத்தைப் பொருட்படுத்தி நிறுத்தியதால் மட்டுமே தப்பினார். அதன் பிறகுதான் இந்த ஒரு வேலையை முறையாக எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே சொல்லப்படுவது முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம், எண்ணெய் வழி இயங்கும் பிரேக் ஆகியவை கொண்ட சிறிய சரக்கு வண்டிகளுக்கு உரியது. நம் சாலைகளில் ஓடும் கனரக லாரிகளில் பெரும்பாலானவை காற்றால் இயங்கும் டிரம் பிரேக் கொண்டவை. ஏர் டிஸ்க் பிரேக் உள்ள பெரிய வண்டிகளில் போல்ட்டின் அளவும் முறுக்கும் வேறு. ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் அடைபட்டிருக்கும் ஸ்பிரிங்கின் விசை ஆளைக் கொல்லக்கூடியது. அந்த வேலையை அதற்கென்று பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும்.

இரண்டு வகை போல்ட்டுகள்

காலிபரைச் சுற்றி இரண்டு வகை போல்ட்டுகள் இருப்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலிபரின் உடலை ஸ்லைடு பின்களோடு, அதாவது காலிபர் உள்ளும் புறமும் நகர்வதற்குப் பிராக்கெட்டில் இருக்கும் கம்பிகளோடு, இணைப்பவை சிறியவை. அவற்றுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 நம்பர் ஸ்பேனர் போதும், முறுக்கும் குறைவு. பிராக்கெட்டை நக்கிளோடு, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் அந்த வார்ப்பு இரும்போடு, இணைப்பவை பெரியவை. 17 முதல் 22 நம்பர் வரை வண்டிக்கு வண்டி மாறும். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க், பேடுகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. பேடுகள் அந்த இழுப்பைப் பிராக்கெட்டுக்குக் கொடுக்கின்றன. பிராக்கெட் அதை நக்கிளுக்குக் கொடுக்கிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் விசை முழுவதும் இந்த இணைப்பு வழியாகத்தான் செல்கிறது.

அந்த விசையை போல்ட்டின் தண்டு தாங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சரியாக முறுக்கப்பட்ட போல்ட் ஒரு மிகக் கெட்டியான ஸ்பிரிங்கைப் போல நீண்டு, பிராக்கெட்டின் முகத்தை நக்கிளின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அந்த இரு முகங்களுக்கும் இடையிலுள்ள உராய்வுதான் பிராக்கெட்டை அசையாமல் வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை அளவு வழுக்கத் தொடங்குகின்றன. முன்னால் போகும்போது ஒரு பக்கமும், ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும்போது மறுபக்கமுமாக அந்த வழுக்கல் நடக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது இதைத்தான்: போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, அதற்குக் குறுக்காக வரும் வழுக்கல்தான் போல்ட்டைத் தானாகத் திருகிக் கழற்றிவிடுகிறது. அவருடைய பெயராலேயே இன்றும் நடத்தப்படும் சோதனையில், நாம் நம்பிக்கையோடு போடும் ஸ்பிரிங் வாஷர் பெரிய பயன் எதையும் தருவதில்லை என்பதும் தெரிகிறது. போல்ட்டைக் காப்பது அதன் அழுத்தமே. மரையில் விட்டு போல்ட்டை லாக் செய்யும் பசை அதற்குத் துணை மட்டுமே.

கழற்ற வேண்டுமா?

பேடு மாற்றுவதற்கு மட்டும் என்றால் பல வண்டிகளில் பிராக்கெட்டைத் தொடவே தேவையில்லை. கீழுள்ள ஸ்லைடு பின் போல்ட்டை எடுத்துவிட்டு, காலிபரை மேல்நோக்கிச் சாய்த்தால் பேடுகள் வெளியே வந்துவிடும். டிஸ்க் மாற்ற, ஹப் பேரிங் பார்க்க, நக்கிளைக் கழற்ற, அல்லது பிராக்கெட்டிலேயே ஸ்லைடு பின் இறுகிப்போய் வெளியே எடுத்துச் சரிசெய்ய வேண்டியபோது மட்டும் இந்தப் பெரிய போல்ட்டுகளுக்குப் போக வேண்டும். தேவையில்லாமல் கழற்றும் ஒவ்வொரு முறையும் மரையும் பசையும் தேய்கின்றன என்பதால் இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன்பே அந்த மாடலுக்குரிய சர்வீஸ் புத்தகத்திலிருந்து மூன்று விஷயங்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்: முறுக்கு அளவு எவ்வளவு, போல்ட் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடியதா, பசை போட வேண்டுமா. இந்த மூன்றும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பசை தடவி உலர்ந்த நிலையில் புதிய போல்ட்டுகளை விற்கும் கம்பெனிகள் உண்டு. எதுவும் தடவாமல் உலர்ந்த மரையில் பூட்டச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. முதலில் ஓர் அளவுக்கு முறுக்கி, பிறகு இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தால், அந்த போல்ட் நிரந்தரமாக நீளும் எல்லை வரை இழுக்கப்படக்கூடியது. அதைத் திரும்பப் போடக்கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய போல்ட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கழற்றத் தொடங்குவதுதான் நல்லது. கழற்றிய பிறகு தேடினால், கடை அடைத்த நேரத்தில் பழையதையே போடும் நெருக்கடி வந்துவிடும்.

வண்டியைத் தூக்கி நிறுத்துதல்

சரிவில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. குமுளி மலையில் ஒதுங்க இடம் கிடைத்தாலும், அங்கே தற்காலிகமாகப் பார்த்துவிட்டுச் சமதளத்துக்கு இழுத்து வருவதே சரி. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்துங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கு அல்ல. சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, கழற்றிய சக்கரத்தையும் சேஸிஸுக்கு அடியில் படுக்க வையுங்கள். பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்த நீளமான கைப்பிடியை இழுக்கும்போது வண்டி பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தில் ஜாக்கி சரிந்து விழுந்த இடங்களில் ஆட்கள் கை, கால்களை இழந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிறிய வசதி உண்டு. காலிபர் அச்சுக்குப் பின்புறம் இருக்கும் வண்டியில், இடது சக்கரத்தில் வேலை செய்யும்போது ஸ்டியரிங்கை வலப்புறமும், வலது சக்கரத்தில் வேலை செய்யும்போது இடப்புறமும் முழுவதும் திருப்பி வைத்தால், போல்ட் தலைகள் நமக்கு எதிரே வந்து நிற்கும். காலிபர் முன்புறம் இருந்தால் இதற்கு நேர்மாறாகத் திருப்ப வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து எட்டிப் பிடிக்கும் தேவை இதனால் பெரும்பாலும் இல்லாமல் போகும்.

தளர்த்துதல்

முதலில் காலிபரின் உடலை எடுத்துவிடுங்கள். ஸ்லைடு பின் போல்ட்டுகளைக் கழற்றி, காலிபரை ஒரு கம்பியாலோ உறுதியான கயிற்றாலோ சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்க விடக்கூடாது. வெளியே எதுவும் தெரியாமலேயே ஹோஸின் உள்ளடுக்கு கிழிந்துவிடும். ஹோஸைக் காலிபரோடு இணைக்கும் போல்ட்டை இந்த வேலைக்குத் தொட வேண்டியதில்லை. தொடாவிட்டால் பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுக்கும் வேலையும் இல்லை. ஏபிஎஸ் சென்சார் வயர் நக்கிளில் பூட்டப்பட்டிருந்தால் அது எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து, ஸ்பேனர் படாதவாறு ஒதுக்கி வையுங்கள். பிரேக் தூசியைக் காற்றுப் பைப்பால் ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பேடுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் இது நுரையீரலைக் காக்கும் விஷயம்.

இனி பெரிய போல்ட்டு. தலையின் பக்கங்களில் படிந்திருக்கும் மண்ணையும் துருவையும் கம்பி பிரஷால் முழுவதும் சுத்தம் செய்யுங்கள். மழைக்காலத்தில் இடுக்கிப் பக்கம் ஓடும் வண்டிகளில் செம்மண் கல் போல இறுகி, சாக்கெட் பாதி மட்டுமே தலையில் உட்காரும். பாதி உட்கார்ந்த சாக்கெட்தான் போல்ட் தலையை உருட்டையாக்குகிறது. ஆறு முக சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை உள்ளது இந்த வேலைக்கு ஏற்றதல்ல. ஓபன் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். சாக்கெட்டைச் சிறு சுத்தியலால் தட்டி முழுவதும் உட்கார வையுங்கள்.

திசையில் அனுபவம் உள்ளவர்களும் தவறுகிறார்கள். போல்ட்டின் தலை வண்டியின் உட்பக்கம் நோக்கி இருக்கிறது. நாமோ வெளிப்பக்கத்தில் நின்றுகொண்டு டிஸ்க்கின் மேலாகக் கையைவிட்டுத் திருகுகிறோம். அப்போது இடம்வலம் மாறிவிடுகிறது. போல்ட்டின் தலைக்கு நேர் எதிரே உங்கள் முகம் இருப்பதாக எண்ணிக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். ‘இறுகிப்போய்க் கழலவே இல்லை’ என்று சொல்லப்பட்ட போல்ட்டுகளில் சிலவற்றை, அவர்கள் அரை மணி நேரமாக மேலும் மேலும் முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நீளமான கைப்பிடியை உங்களை நோக்கி இழுங்கள். வெளியே தள்ளினால் திடீரென்று விடுபடும்போது விரல் மூட்டுகள் நக்கிளில் மோதும். வெட்டி வெட்டி இழுக்காமல், ஒரே சீராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் ‘டக்’ என்ற ஒலியோடு விடுபடும். அதன் பிறகும் கடைசி வரை கனமாகவே திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம். மரையில் காய்ந்த பசை அப்படித்தான் பிடிக்கும். ஆனால் கீச்சிட்டுக்கொண்டு மணல் அரைபடுவதைப் போல வந்தால், அது துரு. அப்போது தொடர்ந்து இழுக்காமல், அரைச்சுற்று வெளியே, கால்சுற்று உள்ளே என்று மாறி மாறித் திருப்பி, துருவெடுக்கும் எண்ணெயைப் போல்ட்டின் நுனிப்பக்கம் சிறிது விட்டு, நேரம் கொடுங்கள். எண்ணெய் டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு துளியும் படக்கூடாது.

பவர் கன் இருந்தால் கழற்றப் பயன்படுத்தலாம். துருப்பிடித்த போல்ட்டில் மட்டும் அதைத் தொடர்ந்து அடிக்க வேண்டாம், மரை முழுவதையும் உரித்துக்கொண்டு வெளியே வரும்.

எதற்கும் அசையாத போல்ட்டைச் சூடாக்குவது கடைசி வழி. வலுவான சிவப்பு வகைப் பசை ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வரை சூடான பிறகே இளகும். நடுத்தர நீல வகை சாதாரண ஸ்பேனருக்கே விட்டுக்கொடுக்கும். சூடாக்கும் முன் காலிபர், ஹோஸ், ரப்பர் பூட், சென்சார் வயர் எல்லாம் அருகில் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பிரேக் ஆயில் தீப்பற்றக்கூடியது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தைத் தீயால் சூடாக்கினால் போஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். ஆகவே சூடு வைக்கும் இடத்தில் அந்த வகைக் கிளீனரை முன்னதாக அடிக்கவே கூடாது. சூடாக்கப்பட்ட போல்ட்டை, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

இரண்டு போல்ட்டுகளையும் ஒரு சுற்று தளர்த்திக்கொண்ட பிறகு, கீழ் போல்ட்டை முதலில் எடுத்து, பிராக்கெட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மேல் போல்ட்டை எடுங்கள். மேல், கீழ் என்று அடையாளம் இட்டு வையுங்கள். ஒரு அட்டைத்துண்டில் இரண்டு துளையிட்டு அதில் செருகி வைப்பது என் வழக்கம். சில வண்டிகளில் இரண்டும் ஒரே நீளமாக இருப்பதில்லை.

போல்ட்டின் தலை உருண்டுவிட்டால், சற்றுச் சிறிய சாக்கெட்டை அடித்து உட்காரவைத்தோ, அதற்கென உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டாலோ எடுக்கலாம். உள்ளே முறிந்துவிட்டால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். மரை போன துளையில் பெரிய போல்ட்டுக்கு மரை வெட்டிப் போடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பிரேக்கைத் தாங்கும் துளை அது. மரை எதில் போயிருக்கிறதோ அந்தப் பிராக்கெட்டையோ நக்கிளையோ மாற்றுங்கள்.

சுத்தம் செய்து பரிசோதித்தல்

வெளியே வந்த போல்ட் நிறையப் பேசும். தண்டின் ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டதைப் போல மினுங்கினால், அது தளர்ந்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. பிராக்கெட் முகத்தில் சிவப்புப் பொடி படிந்திருந்தால், முகங்கள் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன. இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் போல்ட்டை மாற்றி, அதே வண்டியின் மறுபக்கச் சக்கரத்தையும் திறந்து பாருங்கள். மரையின் மீது ஓர் இரும்பு அளவுகோலை வைத்து, இடைவெளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். நீண்ட போல்ட்டில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அதிகமாகத் தெரியும். புதிய போல்ட்டோடு நீளத்தை ஒப்பிடுவது இன்னும் நம்பகமானது.

தலையின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 10.9 என்றால் அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1000 நியூட்டன். அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 8.8 என்றால் 800 நியூட்டனும் 80 சதவீதமும். அளவும் மரையும் ஒத்துப்போகிறது என்பதற்காக, 10.9 இருந்த இடத்தில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 8.8 போல்ட்டைப் போட்டால், சரியான முறுக்கைக் கொடுக்கும்போதே அது எல்லையைத் தாண்டி நீண்டுவிடும். எண்ணே இல்லாத போல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

துளையிலுள்ள பழைய பசையைச் சிறிய கம்பி பிரஷாலும், மரையைச் சுத்தம் செய்யும் சேசராலும் எடுங்கள். வெட்டும் டேப்பை விட்டால் நல்ல மரையிலிருந்தும் இரும்பைச் சீவி எடுத்துவிடும். அது இல்லாத இடத்தில், ஒரு பழைய போல்ட்டின் மரையில் நீளவாக்கில் இரண்டு காடி வெட்டிக் கையால் திருகி எடுத்தால் போதும். பிறகு பிரேக் கிளீனரால் கழுவி முழுவதும் உலர விடுங்கள். டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதால் கடைசிக் கழுவலுக்கு உதவாது. மறுமுனை மூடிய துளையாக இருந்தால் உள்ளே திரவம் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட் இறங்கும்போது திரவம் ஒதுங்க இடமின்றி வார்ப்பையே விரிசல் விடச் செய்யும்.

பிராக்கெட்டும் நக்கிளும் சேரும் முகங்களை வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். அழகுக்காகப் பிராக்கெட் முழுவதும் பெயின்ட் அடிக்கும் பழக்கம் உண்டு. இந்த முகங்களில் மட்டும் அடிக்கக்கூடாது. பெயின்ட்டும் துருவும் சூட்டில் நசுங்கிக் குறையும்போது, போல்ட்டின் நீட்சி குறைந்து, முன்பு சொன்ன அழுத்தம் போய்விடுகிறது. யாரும் போல்ட்டைத் தொடாமலே அது தளர்வது இப்படித்தான்.

பூட்டுதல்

புத்தகம் பசை போடச் சொன்னால், நடுத்தர வலிமையுள்ள நீல வகையே பெரும்பாலும் போதும். இந்த வகைகள் 150 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தைத் தாங்குபவை என்பதைப் பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். துளையில் திருகும் மரைப்பகுதியில் இரண்டு மூன்று துளிகள் விட்டால் போதும். அது ஸ்லைடு பின்னுக்கோ ரப்பர் பூட்டுக்கோ வழியக்கூடாது. புதிய போல்ட்டில் பசை ஏற்கெனவே உலர்ந்த பட்டையாக இருந்தால், அதன் மேல் வேறு பசையை விட வேண்டாம்.

கிரீஸோ தாமிரப் பேஸ்ட்டோ இந்த மரையில் தடவக் கூடாது. இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, தலைக்கு அடியிலுள்ள உராய்விலேயே செலவாகிறது; 40 சதவீதம் மரையின் உராய்வில் போகிறது; மீதமுள்ள சுமார் 10 சதவீதம் மட்டுமே போல்ட்டை நீட்டி அழுத்தம் தருகிறது. மரையில் எண்ணெய் பட்டு உராய்வு குறைந்தால், அதே முறுக்கில் போல்ட் மிக அதிகமாக நீளும். மரை துருவோடு இருந்தால், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று ஒலித்த பிறகும் அழுத்தம் போதாமல் நிற்கும். புத்தகத்தில் உள்ள எண், அவர்கள் சொன்ன நிலையில் மரை இருந்தால் மட்டுமே பொருந்தும்.

பிராக்கெட்டை வைத்து, இரண்டு போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். ஐந்தாறு சுற்றுகள் விரலாலேயே போக வேண்டும்; போகவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது, உடனே வெளியே எடுத்துவிடுங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், இரண்டையும் மாற்றி மாற்றி, பிராக்கெட் முகம் நக்கிளோடு ஒட்டி உட்காரும் வரை கொண்டு வாருங்கள். பிறகு டார்க் ரெஞ்சில் பாதி அளவு, அதன் பின் முழு அளவு.

சிறிய சரக்கு வண்டிகளில் இந்த அளவு பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். சற்றுப் பெரிய வண்டிகளில் 200ஐ நெருங்கும். சில புத்தகங்கள் கிலோகிராம் மீட்டரில் கொடுத்திருக்கும். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். 40 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 25 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 10 கிலோகிராம் மீட்டர், அதாவது 98 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். இந்தக் கணக்கைச் சொல்வது, ரெஞ்ச் இல்லாமல் வேலை செய்வதற்காக அல்ல. கை அளவு என்று நாம் நம்புவது ஆளுக்கு ஆள், காலைக்கும் மாலைக்கும் எவ்வளவு மாறக்கூடும் என்பதை உணர்வதற்காக. இந்த ஒரு போல்ட்டுக்காகவாவது டார்க் ரெஞ்சை வாங்கி வையுங்கள், இல்லையென்றால் இரவல் வாங்குங்கள்.

ரெஞ்சை ஒரே சீராக இழுத்து, ஒருமுறை ‘கிளிக்’ என்றதும் நிறுத்துங்கள். உறுதிக்காக மூன்று முறை கிளிக் செய்யும் பழக்கம் ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாக முறுக்கிவிடுகிறது. டார்க் ரெஞ்சால் போல்ட்டைக் கழற்றக்கூடாது. வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்குக் கொண்டு வந்து வையுங்கள். பவர் கன்னால் பூட்டுவதை எந்த அவசரத்திலும் ஏற்கக்கூடாது.

பசை, காற்று படாமல் இரும்புகளுக்கு இடையே அடைபட்டிருக்கும்போதுதான் கெட்டியாகும். அரை மணி நேரத்துக்குள் பிடித்துவிடும் என்றாலும், முழு வலிமை பெற ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். ஆகவே இந்த வேலையை மாலையில் முடித்து, மறுநாள் சரக்கு ஏற்றுவதைத் தள்ளிவைக்க முடிந்தால் நல்லது. பசை கெட்டியான பிறகு ‘சரிபார்க்கிறேன்’ என்று போல்ட்டைச் சிறிது திருப்பினால் ஒட்டு உடைந்துவிடும்; உடைந்தது தானாக மீண்டும் ஒட்டாது. அப்படி அசைந்துவிட்டால் முழுவதும் கழற்றி, சுத்தம் செய்து, புதிதாகப் பசை விட்டுப் பூட்ட வேண்டும்.

திருப்பிப் பார்க்காமல் எப்படிச் சரிபார்ப்பது? முறுக்கி முடித்த உடனே, போல்ட் தலையின் மேலிருந்து அது உட்காரும் இரும்பின் மேல் வரை ஒரே நேர்க்கோடாக வெள்ளைப் பெயின்ட் இழுத்துவிடுங்கள். போல்ட் சிறிது அசைந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும், சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

சாலையில் விடும் முன்

ஸ்லைடு பின்களுக்குப் பிரேக்குக்கென்று உள்ள சிலிகான் கிரீஸை மட்டும் தடவுங்கள்; சேஸிஸ் கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருந்தால், மேலே ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகத் தள்ளுங்கள். டிஸ்க்கைத் துடைத்து, காலிபரைப் பூட்டி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை என்பதை ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றி, பிராக்கெட்டோ போல்ட் நுனியோ ரிம்மில் உரசவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள்.

இன்ஜினைத் தொடங்குவதற்கு முன்பே, பிரேக் பெடல் கெட்டியாக நிற்கும்வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதிகளில் பெடல் தரைவரை போகும்; இதை மறந்து வண்டியை எடுத்தவர்கள் பட்டறையின் சுவரிலேயே மோதி நின்றிருக்கிறார்கள். பிறகு சமதளத்தில் நடை வேகத்தில் நாலைந்து முறையும், சற்று வேகத்தில் சில முறையும் பிடித்துப் பார்த்து, ரிவர்ஸிலும் பிடித்துப் பாருங்கள். ரிவர்ஸில் பிடித்ததும் முன்னால் போகும் முதல் பிரேக்கில் ஒரே ஒரு மெல்லிய ‘டிக்’ வந்தால் அது பேடு தன் இடத்தில் நகரும் ஒலி. ஒவ்வொரு முறையும் கனமாக ‘டொக்’ என்று வந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சரக்கில்லாமல் ஒருமுறை குமுளி வரை ஏறி, சின்ன கியரில் இன்ஜின் பிடிப்போடு இறங்கி வந்து, டிஸ்க் ஆறிய பின் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். பிராக்கெட் போல்ட்டுக்குக் கோட்டைப் பார்ப்பது மட்டுமே. தேதி, கிலோமீட்டர், எந்தச் சக்கரம், எவ்வளவு முறுக்கு, போல்ட் புதியதா என்பதை வண்டியின் நோட்டில் எழுதிவிடுங்கள்.

கழற்றிய பழைய போல்ட்டுகளை டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். அவசரத்தில் தேடும் ஒரு கை அதை எடுத்து இன்னொரு வண்டியில் போட்டுவிடும். மரையைக் கிரைண்டரில் தேய்த்துவிட்டு, அதன் பிறகு பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள்.